படுத்துப் பார்த்து வாங்க வேண்டிய உயில்

என் உயிருக்கு உயிரான தம்பிக்கு,

அக்கா வாழ்த்தி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ, உன் மனைவி, குழந்தைகள், உன் பல் ஆஸ்பத்திரி, அதை நம்பி வரும் சொத்தைப் பற்கள் எல்லாம் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். மழைக்கு முன் நீ அனுப்பிய பற்பசை வந்து சேர்ந்தது. வரவில் எழுதிவிட்டேன். நிற்க.

உன் அத்தான் காலமாகி இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.

பதறாதே. கையில் இருக்கும் குறடை முதலில் கீழே வை, யார் வாயிலாவது போட்டுவிடப் போகிறாய். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இப்போதுதான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடையின் முன்பக்கம் காட்சிக்குப் போட்டிருக்கும் பெரிய மெத்தையில் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். குறட்டை எனக்கு இங்கே கேட்கிறது. ஆனாலும் இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அவர் காலமானவர். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். என் போனுக்குப் பணம் கட்டுவது நம் மெத்தைப் பட்டறை. பட்டறை இப்போது மகனுடையது. ஆகவே போனையும் வாங்கி வைத்துக்கொண்டான். அதனால்தான் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மூக்குக்கண்ணாடி உடைந்துபோய், நம் பட்டறைத் தையல் மேஸ்திரி மெத்தை தைக்கும் நூலால் காதோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். வலதுகண்ணில் விரிசல் வழியாக எல்லோரும் இரண்டிரண்டாகத் தெரிகிறார்கள். மாப்பிள்ளை ஒருவரே எனக்கு அதிகம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எதிர்த் தெருப் பஞ்சுக்காரரை உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாணத்துக்குத் தலையணை பரிசளித்தாரே, அவர்தான். போன மழைக்காலத்தில் அவர் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். உயில் கிடையாது. ‘எம்பசங்க ஒருத்தன் வாய்ல இருக்கறத இன்னொருத்தனுக்கு ஊட்டுவாங்க, எனக்கெதுக்குய்யா உயிலு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காரியம் முடிந்த மறுநாள் மூத்தவன் கிடங்குக்கு ஒரு பூட்டுப் போட்டான். இளையவன் வந்து பார்த்து, அதன்மேல் ஒரு பூட்டுப் போட்டான். பிறகு கோர்ட்டிலிருந்து வந்து இரண்டுக்கும் மேலே ஒரு பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். நாம் முன்பணம் கொடுத்திருந்த பஞ்சு மூட்டைகள் அத்தனையும் உள்ளே. எலிகள் மட்டும் எந்தத் தரப்பிலும் சேராமல் போய்வந்து அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்ததிலிருந்து உன் அத்தானுக்குப் பூட்டுப் பயம் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்ப்பார், பிறகு எழுந்துபோய் பட்டறைக் கதவில் எத்தனை பூட்டுப் போட இடம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தச் சமயம் பார்த்தா தெருமுனை மண்டபத்தில் ‘குடும்பத்தினருக்கும் தொழில் நடத்துவோருக்கும் எஸ்டேட் பிளானிங், அனுமதி இலவசம், பிஸ்கட் உண்டு’ என்று துணி கட்டுவார்கள்! நமக்கு எஸ்டேட் ஏது, பட்டறைதானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். மேடையில் ஒரு வக்கீல். எடுத்த எடுப்பில், ‘இந்த ரூம்ல எத்தனை பேர் சாகப்போறீங்க, கை தூக்குங்க பாக்கலாம்’ என்றாராம். ஒருவரும் தூக்கவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்திருக்கிறார்கள். உன் அத்தானுக்கு பிஸ்கட் தொண்டையில் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்காகக் கையைத் தூக்கியிருக்கிறார். ‘அதோ பாருங்க, இங்க ஒரே ஒரு விவேகி!’ என்று வக்கீல் மேடையிலிருந்து இறங்கிவந்து கையைப் பிடித்துக் குலுக்க, மண்டபமே கைதட்டியிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளாக நான் ஒருநாளும் விவேகி என்று சொன்னதில்லை பார், மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து வக்கீல் நம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வந்தால் டீ, போனால் பில். ஆலோசனைக்கு ஒரு தொகை, மறு ஆலோசனைக்கு ஒரு தொகை, மறு ஆலோசனை தேவையா என்று ஆலோசித்ததற்கு ஒரு தொகை. நம் மேஸ்திரி பழைய மெத்தையைப் பிரித்தால் பஞ்சை வெளியே எடுத்துக் காயவைத்து அதே பஞ்சைத்தான் உள்ளே வைப்பார், பெரிதாகத் தெரியும். வக்கீல் அதையே வார்த்தையில் செய்கிறார். கூடத்து மேசையில் காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு, ‘உங்க காலத்துக்கப்புறம் இந்த உயிலை நிறைவேத்த ஒருத்தரை நியமிக்கணும் சார், நம்பிக்கையான ஆளா சொல்லுங்க’ என்றார். உன் அத்தான் யோசித்து யோசித்து, ‘வேற யாரை நம்பறது, நானே பாத்துக்கறேன்’ என்றார்.

‘சார், அப்ப நீங்க இருக்க மாட்டீங்களே?’

‘அதான் சொல்றேன். அப்ப எனக்கு வேற வேலை இருக்காது பாருங்க.’

நல்ல வேளை, வக்கீல் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கும் பில்லில் ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன், சரிபார்க்கக் கண்ணாடி இல்லை.

கடைசியில் உயில் வரைவு தயாராகி, வக்கீல் உரக்கப் படித்தார். நான் டீ கொண்டுவந்தவள் அப்படியே தட்டோடு நின்றுவிட்டேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், கடைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் காகிதத்தில் எழுத்துக்கூட்டியே படிக்கப் பழகியவள் என்பது உனக்குத் தெரியும். பொட்டலத்துக் கதை எதற்கும் முடிவு இருக்காது, கிழிந்திருக்கும். அதனால் எதைப் படித்தாலும் முடிவுவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். பட்டறையும் கடையும் மகனுக்கு. வீடு மகளுக்கு. பழைய தையல் மிஷினுக்கு ஒரு பத்தி: அதை விற்கக் கூடாது, மழையில் வைக்கக் கூடாது, மாதம் ஒருமுறை தவறாமல் எண்ணெய் விட வேண்டும். ஓடாமல் நிற்கிறதே வேன், அதற்குக்கூட ஒரு வாக்கியம், கொட்டகைக்குள்ளேயே நிறுத்த வேண்டும் என்று. பிறகு நான் வந்தேன். ‘என் மனைவிக்கு வேண்டியதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே தேதி.

‘வக்கீல் சார்,’ என்றேன், ‘வேண்டியதுன்னா எதெது? வேணும்னு யார் சொல்லணும்? எந்தப் பிள்ளை பாத்துக்கும்?’

வக்கீல் என்னைக் கனிவாகப் பார்த்தார். ‘அம்மா, அது ஒரு பாசமான வாக்கியம்மா.’

‘சட்டப்படி அதுக்கு என்ன அர்த்தம்?’

‘சட்டப்படி அர்த்தம்னு ஒண்ணும் இல்லைம்மா. பாசப்படி நிறைய இருக்கு.’

உன் அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘நம்ம பிள்ளைங்க மேல உனக்கு நம்பிக்கை இல்லையாடி? உனக்கு ஒண்ணுன்னா விட்டுருவாங்களா? நீ உள்ள போய் அடுப்பப் பாரு. கையெழுத்து வேணும்னா நானே கூப்பிடறேன்’ என்றார். ஆமாம், எனக்கும் பத்திரத்துக்கும் உள்ள உறவு அதுதானே. கல்யாணமான புதிதிலிருந்து அடுப்படிக்கே காகிதத்தைக் கொண்டுவந்து, விரலை ஓரிடத்தில் வைத்து, ‘இங்க ஒண்ணு போடு, இங்க ஒண்ணு, இங்கயும்’ என்பார். நானும் கரண்டியை வைத்துவிட்டுப் போடுவேன். என்ன ஏது என்று கேட்டால் ‘தொழில் விஷயம், உனக்குப் புரியாது’ என்பார். குழம்பு தீயுமே என்று நானும் மேற்கொண்டு கேட்டதில்லை.

தம்பி, கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், எனக்குச் சொத்தில் ஆசை கிடையாது. போகும்போது பட்டறையைத் தலையில் வைத்துக்கொண்டு போகப்போகிறேனா? கண் மூடும்வரை கடவுள் படம் வைக்க ஒரு மூலை, அதன் எதிரே நான் உட்கார ஒரு பலகை, மூக்குக்கண்ணாடி உடைந்தால் யாரிடமும் பல்லைக் காட்டாமல் மாற்றிக்கொள்ள ஒரு வழி. இவ்வளவுதான் கேட்கிறேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் என்று எழுதத் தெரிந்த மனுஷனுக்கு இது எழுதத் தெரியவில்லையே என்றுதான் நெஞ்சு ஆறவில்லை.

இதோடு போயிருந்தால்கூட அழுதுவிட்டு விட்டிருப்பேன். கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில் உன் அத்தானுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியுமே: மெத்தையை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மாதம் படுத்துப் பார், பிடித்தால் வைத்துக்கொள், முதுகு வலித்தால் திருப்பிக் கொடு. படுத்துப் பார்க்காமல் மெத்தை வாங்குகிறவன் முட்டாள், விற்கிறவன் அயோக்கியன் என்பார். பேனாவை மூடிவிட்டு, ‘வக்கீல் சார், உயிலும் அப்படித்தான். ஒரு மாசம் குடும்பம் இதுல படுத்துப் பாக்கட்டும். சரியா இருந்தா மாசக் கடைசில கையெழுத்துப் போடறேன்’ என்றார். வக்கீல் தலையைச் சொறிந்தார். உயிலுக்கெல்லாம் அப்படிக் கிடையாது, ஆள் போன பிறகுதான் அது அமலுக்கு வரும் என்றார். ‘அவ்வளவுதானே? நான் போயிட்டதா வச்சுக்குங்க’ என்றார் உன் அத்தான். மறுநாள் காலை குளித்து, துவைத்த சட்டை போட்டு, எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, ‘இன்னியிலேர்ந்து நான் இல்லை. யாரும் என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. அவங்கவங்க பங்கை அவங்கவங்க எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டுக் கடையில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் பாவம், அதுவரை எழுதிய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழித்தேன். காலமானவரின் மூட்டுவலிக்கு வாங்கிய தைலத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது, நீயே சொல்.

மகன் அன்றே பட்டறையின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். முதல் வேலையாக அந்த ஒரு மாதத் திருப்பி எடுக்கும் வழக்கத்தை நிறுத்தினான். ‘விற்ற மெத்தை விற்றதுதான்’ என்று பெரிதாக எழுதி மாட்டினான், அதுவும் படுத்திருக்கிற அப்பாவின் தலைக்கு நேர் மேலே. ஒரு நாள் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து மெத்தையை அழுத்திப் பார்த்திருக்கிறது. உன் அத்தானுக்கு வாய் நிற்குமா? கண்ணைத் திறக்காமலே, ‘அது வேணாம்மா, உள்ள ஃபோம் மட்டம், ஆறு மாசத்துல குழி விழுந்துரும்’ என்றிருக்கிறார். அந்தப் பெண் பதறிப்போய், ‘யாருங்க இது?’ என்று கேட்டது. மகனுக்குக் கோபம் தலைக்கேறி, ‘எங்கப்பா. அவர் இறந்து ஒரு வாரமாச்சு, நீங்க கண்டுக்காதீங்க’ என்றான். அந்தப் புதுமாப்பிள்ளை கழற்றிப் போட்ட செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான். செருப்பு இன்னும் கடை வாசலில்தான் இருக்கிறது. நல்ல தோல்.

இந்தப் பக்கம் மகளும் அவள் கணவரும் இரண்டு தெரு தள்ளியிருந்த வாடகை வீட்டைப் பூட்டிக்கொண்டு பெட்டி படுக்கையோடு இங்கே வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை தங்கமானவர், அளவு நாடாவைக் கையில் எடுக்காதவரை. சுவரை அளந்தார், தரையை அளந்தார், என்னையும் ஒரு பார்வையால் அளந்து, முன்னறையிலிருந்து பின்பக்கம் மெத்தை உறைகள் அடுக்கியிருக்கும் அறைக்கு மாற்றினார். ‘உங்களுக்குக் காத்து வேணும்ல அத்தை’ என்றார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அடுத்ததாக என் பூசை மூலைக்கு வந்தார். நீளம் அகலம் உயரம் எல்லாம் பார்த்து, ‘வாஷிங் மிஷின் அச்சா உக்காரும்’ என்றார்.

‘அப்ப கடவுளை எங்க மாப்பிள்ளை வைக்கறது?’

‘அவர் எங்கயும் இருக்கார்னு நீங்கதானே அத்தை சொல்வீங்க?’

பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நாடாவின் பொத்தானைத் தட்டினார். அது சாட்டை மாதிரிச் சுருண்டு வந்து என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போய்த் தன் டப்பாவுக்குள் ஒளிந்துகொண்டது. இதுதான் கண்ணாடி உடைந்த வரலாறு. ‘அச்சச்சோ அத்தை, மாத்திரலாம்’ என்றார். என்ன தமிழ் பார், மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை, மாற்றிவிடலாம். யார்?

அதற்குள் மாடியில் வேறொரு கூத்து. மகன் குடும்பம் இத்தனை வருடமாக மாடியில்தானே இருக்கிறது, வீடு இப்போது தங்கையுடையது, ஆகவே அண்ணன் வாடகை தர வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பினாள். மருமகள் பட்டறையிலிருந்து நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ‘மெத்தை எல்லாம் பட்டறைச் சொத்து. பட்டறை எங்களுது’ என்று சொல்லி, கீழே இருந்த கட்டில்கள் அத்தனையிலிருந்தும் மெத்தையை உருவி, தலையணைகளைக் கைக்கு ரெண்டாக இடுக்கிக்கொண்டு மாடிப்படியேறினாள். மகள் படியின் கீழே நின்று, ‘படி வீட்டைச் சேர்ந்தது அண்ணி, ஏறக் கூடாது!’ என்று கத்தினாள். ‘அப்ப நீ வெறும் கட்டில்ல படு, அது மரம், அதைப் பத்தி உயில்ல ஒண்ணுமில்ல’ என்றாள் இவள். ஆகவே தம்பி, இப்போதைய நிலவரம் என்னவென்றால், வீடு இருப்பவர்களுக்குப் படுக்க மெத்தை இல்லை, மெத்தை இருப்பவர்களுக்கு அதைப் போட வீடு இல்லை. இந்த வீட்டில் நன்றாகத் தூங்குகிறவர் காலமானவர் ஒருவர்தான்.

என் கண்ணாடிக்கு வருகிறேன். மகனிடம் போய்க் கேட்டேன். ‘அம்மா, வீட்டுக்குள்ள இருக்கறவங்களை வீட்டுக்காரிதானே பாக்கணும்? அதுவும் உடைச்சது அவ புருஷன்’ என்றான். நியாயம்தானே என்று மகளிடம் வந்தேன். ‘வருமானம் வர்றது பட்டறையிலேர்ந்தும்மா. எங்க கைல வெறும் செங்கல்தான் இருக்கு. அண்ணன்கிட்ட கேளு’ என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுபடி மகன், மறுபடி மகள். இரண்டு பேரும் கோபிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, இரண்டு பேருமே ‘உனக்கு இல்லாததாம்மா’ என்றுதான் ஆரம்பித்தார்கள். வக்கீல் சொன்னது சரி, பாசம் நிறைய இருந்தது. கண்ணாடிதான் இல்லை. கடைசியில் கால் வலிக்க வலிக்கக் கடைக்குப் போய், உன் அத்தானைத் தட்டி எழுப்பி, ‘இந்தாங்க, கண்ணாடி மாத்தணும், பிள்ளைங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க’ என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, ‘நான்தான் இல்லையே’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

தம்பி, எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. அவர் விளையாட்டாகச் சொன்ன அதே பதிலை நாளைக்கு நிஜமாகவே சொல்லாமல் சொல்லப்போகிறார், நான் அதே இடத்தில் அதே உடைந்த கண்ணாடியோடு நிற்கப்போகிறேன், அதற்குத்தான் இந்த ஒத்திகை என்று தோன்றியது. தையல் மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வந்தார். ‘இப்பிடி திரும்புங்கம்மா, காதைத் தைச்சிர மாட்டேன்’ என்று சொல்லிக் கட்டிவிட்டார். பிள்ளைகள் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் செய்தார் போலிருக்கிறது.

ஆகவே உன்னிடம் அக்கா கேட்பது ஒன்றே ஒன்று. இந்த மாதக் கடைசியில் உன் அத்தான் அந்த உயிலில் கையெழுத்துப் போடப்போகிறார். ‘பரவாயில்லை, குடும்பம் அனுசரிச்சுப் போகுது’ என்று திருப்தியோடு இருக்கிறார், ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். அதற்கு முன்னால் நீ இங்கே வந்தாக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, வலிக்காமல் பேசிக்கொண்டே, வேரோடு பல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் காட்டுகிறவன் நீ. அந்த ஒரு வாக்கியத்தையும் அப்படிப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடைசிவரை இந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை, பட்டறை வருமானத்தில் எனக்கென்று ஒரு பங்கு, பூசை மூலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கடிக்கத் தெரிந்த வாக்கியமாக நாலு கட்டிவிட்டுப் போ. நான் சொன்னால் ‘உனக்குப் புரியாது’ என்பார். நீ சொன்னால் கேட்பார், உன் முன்னால் வாயைத் திறந்துவைத்துப் பழகியவர்தானே. வரவில்லையென்றால் உன் மேல் வருத்தமில்லை. ஆனால் நீ சின்ன வயதில் மிட்டாய் தின்று பல் வலித்து அழுத நாளில் யார் மடியில் படுத்தாய் என்று மட்டும் நினைத்துப் பார்.

உன் மனைவியிடம் என் அன்பைச் சொல். குழந்தைகளை என் சார்பில் கன்னத்தில் தட்டு. கடவுள் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், அந்த ஆயுள் முழுவதும் சொந்தக் கண்ணாடியும் தந்து காப்பாற்றட்டும். நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாததால் பதிலைத் தையல் மேஸ்திரி பெயருக்குப் போடு.

இப்படிக்கு, உன் நலம் ஒன்றையே வேண்டும்,
வீடும் பட்டறையும் இல்லாத அக்கா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கித் தருவது மகனா மகளா என்று முடிவாகாததால் இன்னும் போடவில்லை. நல்லதாகப் போயிற்று. நீ வர வேண்டாம்.

நேற்று வக்கீல், கையெழுத்துக்கு முன் மூலப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இத்தனை ஆலோசனைக்கும் பிறகு இப்போதுதான் அவருக்கு அது தோன்றியிருக்கிறது. பத்திரமெல்லாம் பூசை மூலையில் கடவுள் படத்துக்குக் கீழே தகரப் பெட்டியில் இருக்கிறது. உன் அத்தானைப் போகச் சொன்னால் தான் இல்லை என்றார். பிள்ளைகள், அதில் மற்றவர் பத்திரமும் இருக்கிறது, நான் ஏன் தூக்க வேண்டும் என்றார்கள். நானே தூக்கிக்கொண்டு போனேன். வக்கீல் என்னை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பிரித்துப் படித்தார். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வெளியே வந்து, தன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ‘உள்ள வாங்கம்மா. குளிர்ச்சியா ஏதாவது சாப்பிடறீங்களா?’ என்றார்.

‘வீடு உங்க பேர்ல இருக்கும்மா,’ என்றார். ‘பட்டறை இடம் உங்க பேர்ல. கடை உங்க பேர்ல. தொழிலே உங்க பேர்லதான் பதிவாயிருக்கு.’

‘அவர் பேர்ல?’

‘வேன் ஒண்ணு இருக்கு.’

‘அது ஓடாதே சார்.’

‘அப்ப அதையும் விட்டுருங்க.’

தொழில் தொடங்கின காலத்தில் கடன்காரர்கள் வந்தாலும் வீடு தப்ப வேண்டும் என்று அதை என் பெயரில் எழுதச் சொல்லி யாரோ ஓர் ஆடிட்டர் யோசனை சொன்னாராம். பிறகு பெண்கள் தொழில் செய்தால் வட்டி குறைவு என்று பட்டறையையும் கடையையும் உன் அத்தான் என் பெயருக்கு மாற்றியிருக்கிறார். தொழில் விஷயம், எனக்குப் புரியாது என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்து அவரும் மறந்துவிட்டார். ஒவ்வொரு பத்திரத்திலும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கறை. இல்லாத சொத்துக்கு எழுதிய உயில் செல்லாது, ஆகவே இந்த மூன்று வாரச் சாவும் செல்லாது என்றார் வக்கீல். உயில் எழுத வேண்டியது நான்தானாம்.

எழுதச் சொல்லிவிட்டேன் தம்பி. பிள்ளைகளுக்கு என்ன என்பதை நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். உன் அத்தானுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார். அந்தப் பழைய வாக்கியத்தையே அப்படியே வையுங்கள், ‘மனைவி’ என்ற இடத்தில் மட்டும் ‘கணவர்’ என்று மாற்றுங்கள் என்றேன். ‘அதுக்குச் சட்டப்படி...’ என்று இழுத்தார். ‘பாசப்படி நிறைய இருக்கு சார்’ என்றேன். அதனால் நீ வந்து அதைப் பிடுங்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால் நல்ல வாக்கியம்தான். தையல் மிஷினுக்கு எழுதியது மாதிரி, மாதம் ஒருமுறை எண்ணெய் என்பதை மட்டும் என் பங்குக்குச் சேர்த்திருக்கிறேன், மூட்டுவலிக்காரர் இல்லையா. கையெழுத்து இன்னும் போடவில்லை. நம் கடை வழக்கப்படி ஒரு மாதம் படுத்துப் பார்க்கட்டும்.

செய்தி தெரிந்து நேற்று மாலைக்குள் மகன் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தான். மகள் ஒன்று, மருமகள் ஒன்று, மாப்பிள்ளை உறையோடு ஒன்று. பூசை மூலையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தலாமே அத்தை என்று நாடாவோடு வந்தார், தூரமாக நின்று அளக்கச் சொன்னேன். உன் அத்தான் உயிர் வந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலையில் அடுப்படி வாசலில் நின்று, ‘ஒரு டீ கிடைக்குமா?’ என்றார். பிள்ளைகளைக் கேளுங்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றேன். மாடிக்குப் போனார். அடுப்படி கீழேதானே இருக்கிறது, தங்கச்சியைக் கேளுங்க என்று மகன் அனுப்பினான். டீத்தூள் வாங்குவது அண்ணன் காசில், அவனைக் கேளுங்க என்று மகள் அனுப்பினாள். அதிலிருந்து மனுஷன் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறார். நான் நாலு கண்ணாடியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நாலிலும் நன்றாகவே தெரிகிறார்.